டிசம்பர் 31 இரவுக்கு உருப்படியான வேடிக்கை வேண்டும்

செம்பூர் ஓய்வூதியர்:

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியில் இந்த ஆண்டுக் கடைசி இரவு நிகழ்ச்சியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூட்டத்தில் ‘யார் பொறுப்பேற்கிறீர்கள்?’ என்று கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், நான் இருமினேன். அதையே சம்மதமாகத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வழக்கமான நிரல் மும்பையில் இருக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். எட்டரைக்குத் தம்போலா. ஒன்பதரைக்குப் பாவ் பாஜி. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி செக்ரெட்டரி வந்து நிற்பார். அதற்குப் பிறகு பன்னிரண்டு அடிக்கும் வரை ஆளுக்கொரு கைப்பேசியை வெறித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் கிடப்போம். அந்த இரண்டு மணி நேரம்தான் என் பிரச்சினை.

பிற நாடுகளில் ஆண்டை வழியனுப்ப என்னென்னவோ செய்கிறார்களே, அவற்றில் சிலவற்றை எடுத்து நாமும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. பேரன் முதலில் காட்டியது தென்னாப்பிரிக்கா. ஜோகன்னஸ்பர்க்கில் ஹில்புரோ என்று அடுக்குமாடிகள் நெருங்கிய ஒரு பகுதி. புத்தாண்டு இரவில் பழைய கட்டில், சோபா, குளிர்பதனப் பெட்டி வரை ஜன்னல் வழியே தெருவில் வீசுவார்களாம். விசாரித்தேன், உண்மைதான், அதைத் தடுக்கவே போலீஸார் அன்றிரவு தெருத்தெருவாக ரோந்து வருகிறார்கள். எங்கள் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் ஓடாத வாஷிங் மெஷினை எப்படித் தொலைப்பது என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்தச் செய்தி அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரயில்வே கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். வவுச்சர் இல்லாமல் எதையும் நம்பும் பழக்கம் கிடையாது. ‘உலகின் ஒரு மூலையில் ஒரு கிராமம் இருக்கிறது’ என்று தொடங்கும் வாட்ஸ்அப் கதைகள் வேண்டாம். எந்த ஊர், யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். ஆறு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பெரியவரும் சேர்ந்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். தீ, பட்டாசு, பெரும் சத்தம் கூடாது. செலவு? பராமரிப்புக் கட்டணத்தையே பாதிப் பேர் தவணையில் கட்டுகிறார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முலுண்ட் மைதிலி:

திராட்சை, ஐயா. வேறு எதுவும் தேட வேண்டாம்.

கணவரின் வேலை காரணமாகச் சில காலம் மாட்ரிட்டில் குடியிருந்தோம். ஸ்பெயினில் டிசம்பர் 31 நள்ளிரவில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சை வாயில் போக வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பழம், அவ்வளவுதான் தத்துவம். மாட்ரிட்டின் நடு மையத்தில் புவெர்த்தா தெல் சோல் என்ற சதுக்கம் இருக்கிறது. அங்குள்ள பழைய அரசுக் கட்டடத்தின் மணிக்கூண்டைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவார்கள். நாடு முழுக்க அந்த ஒரு கடிகாரத்தைப் பார்த்தபடி கிண்ணத்தில் கைவைத்துக் காத்திருக்கும்.

கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 3 விநாடி. நான்காவது பழம் வரை மென்று விழுங்கலாம். ஆறாவதில் கன்னம் உப்பத் தொடங்கும். ஒன்பதாவதில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது; சிரிப்பு வரும், பழமும் வரும். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி கில்லாடி. சாயங்காலமே ஒவ்வொரு பழமாகத் தோலை உரித்து, ஊக்கின் முனையால் விதையை எடுத்துப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கிண்ணத்தில் எண்ணி வைத்துவிடுவார். அந்த வேலைக்குச் சோம்பல்படுகிறவர்களுக்காக உரித்த பன்னிரண்டு பழம் அடைத்த சின்னஞ்சிறு டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன.

இன்னொரு பொறியும் உண்டு. பன்னிரண்டு அடிகளுக்கு முன்னால் அதே கடிகாரம் கால் மணிகளுக்காக நான்கு இரட்டை அடிகள் அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் அதற்கே தின்னத் தொடங்கிவிடுவார்கள். 1989 டிசம்பர் 31 அன்று தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரே இந்தக் கணக்கைக் குழப்பிவிட, பெருவாரியான வீடுகளில் அந்த ஆண்டு திராட்சை தப்பிப்போனது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் தொகுப்பாளர்கள் பாடம் நடத்துவதுபோல் ‘இப்போது தின்னாதீர்கள், இப்போதும் தின்னாதீர்கள்’ என்று எச்சரிக்கிறார்கள்.

வவுச்சர் கேட்டீர்களே. 1909-இல் அலிகாந்தே பகுதியில் திராட்சை அமோகமாக விளைந்து, விற்கத் தெரியாமல் விவசாயிகள் கட்டிவிட்ட வழக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 1890-களிலேயே மாட்ரிட் செய்தித்தாள்களில் இந்தத் திராட்சை பற்றிய குறிப்பு வந்திருக்கிறது. ஆக, 1909 விளைச்சல் வழக்கத்தைப் பரப்பியிருக்கலாம், பிறப்பித்திருக்க முடியாது. பழம் இன்றும் பெரும்பாலும் அந்த அலிகாந்தே பக்கத்திலிருந்துதான் வருகிறது. கொடியிலேயே குலைகளுக்குக் காகிதப் பை கட்டி டிசம்பர் வரை காப்பாற்றுகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. நாசிக் திராட்சை முழு வீச்சில் வருவது ஜனவரிக்குப் பிறகு. டிசம்பர் கடைசியில் விலை கையைக் கடிக்கும். சிறு பிள்ளைகளுக்கு முழுத் திராட்சை கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அங்கே மருத்துவர்கள் ஆண்டு தவறாமல் இதைச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், பெரியவர்களுக்கு உலர்திராட்சை போதும். மாட்ரிட் கடிகாரம் அடிக்கும்போது நமக்கு விடியற்காலை நாலரை. எனவே யாராவது ஒருவர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் பன்னிரண்டு முறை தட்டினால் சரி. அந்த 36 விநாடிகள் உங்கள் சொசைட்டியில் ஒருவரும் பேச மாட்டார்கள். இதற்காகவே செக்ரெட்டரி அனுமதி கொடுப்பார்.

காட்கோபர் 77:

டென்மார்க்கில் பன்னிரண்டு அடிக்கும்போது நாற்காலி, சோபா மேல் ஏறி நின்று புத்தாண்டுக்குள் குதிப்பார்கள். ஆண்டு முழுவதும் விரிசல் விட்ட பீங்கான் தட்டுகளைச் சேர்த்து வைத்து நண்பர்கள் வீட்டு வாசலில் அடித்து உடைப்பதும் உண்டு. வாசலில் குவியல் பெரிதாக இருந்தால் அந்த வீட்டுக்காரருக்கு நண்பர்கள் அதிகம் என்று அர்த்தம். இப்போது அந்தத் தட்டு வழக்கம் அருகிவிட்டது, குதிப்பது குறையவில்லை. சத்தமும் இல்லை, செலவும் இல்லை.

கப்பல்காரன், நெருல்:

சொந்த ஊர் தூத்துக்குடி, ஜாகை நெருல், பிழைப்பு கடலில். தென்னமெரிக்கத் துறைமுகங்களில் டிசம்பர் 31 வாய்த்தால் கரைக்கு இறங்காமல் இருக்க மாட்டேன். அந்தச் சிரிப்பை வேறெங்கும் பார்த்ததில்லை.

எக்வடாரில் குவாயாகில். டிசம்பர் பிறந்ததும் ஊரெங்கும் ஆளுயரப் பொம்மைகள் முளைக்கும். பழைய சட்டை, கால்சட்டைக்குள் மரத்தூளும் செய்தித்தாளும் திணித்து, காகிதக்கூழில் முகம் செய்து மாட்டுவார்கள். அரசியல்வாதி, கால்பந்து வீரர், கார்ட்டூன் பாத்திரம் என்று யாரை வேண்டுமானாலும் செய்யலாம். போகிற ஆண்டுதான் அந்தப் பொம்மை. நள்ளிரவில் தெருவில் போட்டு எரித்துவிடுவார்கள். நம் போகி மாதிரி என்று வையுங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது தீ அல்ல, அதற்கு முன்னால் நடப்பது.

சாகப்போகிற கிழவனுக்கு மனைவி வேண்டாமா? இளவட்டங்கள் கறுப்புக் கவுன் மாட்டி, உதட்டுச் சாயம் பூசி, திணித்த மார்போடு விதவைகளாக வேடம் கட்டுவார்கள். தெருவின் குறுக்கே கயிற்றைப் பிடித்துக் காரை நிறுத்தி, ‘என் புருஷன் போகிறானே, அடக்கச் செலவுக்குக் கொடுங்கள்’ என்று ஒப்பாரி வைப்பார்கள். முகத்தில் இரண்டு நாள் தாடி, மூக்கைச் சிந்த ஒரு கைக்குட்டை. எங்கள் டாக்சியை மறித்த விதவை கப்பல் கிரேன் ஓட்டுகிறவன் அளவுக்கு இருந்தான். காசு போடாமல் கயிறு தாழவில்லை.

பிறகு உயில். பொம்மை விட்டுச் செல்லும் சொத்தை யார் யாருக்கு எழுதி வைத்திருக்கிறது என்று எதுகை மோனையோடு ஒருவர் உரக்க வாசிப்பார். கடனை மைத்துனனுக்கு, குறட்டையை மாமனாருக்கு, வேலை செய்யாத மின்விசிறியை அலுவலகத்துக்கு. யார் பெயர் வருகிறதோ அவர் எழுந்து வணங்க வேண்டும், கோபப்படக் கூடாது. ஐயா, இது உங்களுக்கென்றே செய்தது. தீ வேண்டாம், உயிலை மட்டும் வாசியுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவு, சொத்துப் பட்டியல் எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது கொலம்பியா. வரும் ஆண்டில் நிறையப் பயணம் அமைய வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு அடித்ததும் காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். குடும்பம் குடும்பமாக, நல்ல உடை உடுத்தி, சக்கரம் கடகடக்க. முதல் முறை பார்த்தபோது ஏதோ கட்டடத்தைக் காலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். நாம் மட்டும் என்ன? கல்யாணத்தில் மாப்பிள்ளை குடையும் தடியும் பிடித்துக் காசிக்குப் புறப்பட்டு, மண்டப வாசல் வரை போய், மாமனார் இரண்டு வார்த்தை சொன்னதும் திரும்பிவிடுவதில்லையா? அங்கே பெட்டி, இங்கே குடை.

அதே ஊர்களில் உருளைக்கிழங்கும் உண்டு. ஒன்று முழுக்கத் தோல் சீவியது, ஒன்று பாதி சீவியது, ஒன்று சீவாதது. மூன்றையும் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு நள்ளிரவில் பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். தோலோடு வந்தால் பணம் கொழிக்கும். பாதி என்றால் சமாளிக்கலாம். மொட்டையாக வந்தால் பையும் மொட்டை. பெருவிலும் இதே கதைதான். செலவு மூன்று கிழங்கு.

பாந்திராக்காரி:

கிழவனை எரிக்க எக்வடார் வரை போவானேன்? எங்கள் பாந்திராவுக்கு வாருங்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கத்தோலிக்கத் தெருக்களில் பிள்ளைகள் ‘ஓல்ட் மேன்’ கட்டத் தொடங்கிவிடுவார்கள். பழைய பேன்ட், வைக்கோல், தலையில் தொப்பி, சில இடங்களில் கையில் காலி பாட்டில். நாற்காலியில் உட்கார வைத்துப் போகிறவர் வருகிறவரிடம் உண்டியல் குலுக்குவார்கள். 31 நள்ளிரவில் கிழவன் சாம்பல். கொச்சிக் கோட்டையிலும் பாப்பாஞ்சி என்று பிரம்மாண்டமாகக் கட்டி எரிக்கிறார்கள். அங்கே அதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் சேர்கிறது.

நான் பிறந்தது நாசரேத் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தேன். எங்கள் மாமனார் உயிரோடு இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் அவருடைய சட்டையைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். ‘என்னை எரிக்க என்னிடமே சட்டை கேட்கிறான் பார்’ என்று திட்டிக்கொண்டே நல்ல சட்டையாக எடுத்துக் கொடுப்பார்.

செம்பூர் ஓய்வூதியர்:

எல்லோருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

டென்மார்க் நிராகரிக்கப்படுகிறது. எங்கள் சொசைட்டியில் மாற்றிய முட்டிகளின் எண்ணிக்கை மாற்றாத முட்டிகளை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதிலும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நிற்பதா? காட்கோபர் தம்பி முதலில் தம் சொசைட்டியில் செய்துவிட்டு எழுதட்டும்.

உயில் ஏகமனதாக நிறைவேறியது. அதாவது நானே முன்மொழிந்து நானே வழிமொழிந்தேன். நேற்றிரவே எழுதத் தொடங்கிவிட்டேன். ஒழுகும் மேல்நிலைத் தொட்டியைக் குழாய்க்காரரிடமும், இரண்டாம் பிரிவு லிஃப்டின் முனகலைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடமும் விட்டுச் செல்கிறது போகிற ஆண்டு. ஒரே இடத்தில் இரண்டு கார்கள் நிற்கும் தகராறை யாருக்கு எழுதி வைப்பது என்பதில் மட்டும் சட்டச் சிக்கல். மனைவி படித்துவிட்டு, ‘இதை வாசித்த பிறகு நாம் இந்தக் கட்டடத்தில் குடியிருக்க வேண்டாமா?’ என்றாள். இரண்டு பத்திகளை அடித்திருக்கிறேன்.

விதவை வேடத்துக்கு இரண்டு இளைஞர்கள் தாமாகவே முன்வந்தது எதிர்பாராதது. பெட்டி ஊர்வலமும் உறுதி. காம்பவுண்டை ஒரு சுற்று. திராட்சைக்குப் பதில் உலர்திராட்சை, தட்டும் கரண்டியும் என் பொறுப்பு.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. எங்கள் மூத்த உறுப்பினர்கள் பலருக்கு ஒன்பதரைக்குக் கண் சொக்கிவிடும். அவர்களைப் பன்னிரண்டு வரை உட்கார வைப்பது பாவம், விட்டுவிட்டு நடத்தினால் ஜனவரி முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும். இதற்கு ஏதாவது நாட்டில் வழி உண்டா?

போவாய் ராமன்:

பகலிலேயே நடத்தலாம், ஜப்பானில் சில கோயில்கள் அப்படித்தான் மாறியிருக்கின்றன. அங்கே டிசம்பர் 31 இரவு பௌத்தக் கோயில்களில் 108 முறை மணி அடிப்பார்கள். மனிதனின் 108 மனமாசுகளை விரட்ட. பொதுவாக 107 அடி பழைய ஆண்டில், கடைசி அடி புது ஆண்டில் விழும். ஆனால் அக்கம்பக்கத்தார் ‘தூக்கம் கெடுகிறது’ என்று புகார் கொடுத்ததால் சில இடங்களில் இதை 31-ஆம் தேதி நண்பகலுக்கே மாற்றிவிட்டார்கள். செக்ரெட்டரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கியோட்டோவில் சியோன்-இன் கோயில் மணியைப் பார்த்தே ஆக வேண்டும். 1636-இல் வார்த்தது, ஏறத்தாழ 70 டன். அடிக்க 17 துறவிகள். தொங்கும் பெரிய மரக்கட்டையை 16 பேர் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் பிடிப்பார்கள். தலைமைத் துறவி ஒருவர் முதன்மைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஒரு குரல் கொடுத்து, முதுகு தரையைத் தொட்டுவிடுமோ என்னும்படி மல்லாக்கச் சாய்வார். அவருடைய முழு எடையும் அந்த அடியில் இறங்கும். குளிரில் நின்று பார்த்தேன். ஓர் அடியின் ரீங்காரம் அடங்குவதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது.

தானே மேற்கு:

ஸ்காட்லாந்துக்காரர்களை விட்டுவிட்டீர்களே! நள்ளிரவுக்குப் பிறகு வீட்டுப் படியை முதலில் மிதிப்பவரைப் பொறுத்தே அந்த ஆண்டின் யோகம். அவர் உயரமாக, கறுத்த முடியோடு இருக்கும் ஆணாக இருந்தால் உத்தமம். செம்பட்டை முடி ஆகாது. அந்தக் காலத்தில் பொன்னிற முடியோடு வாசலில் வந்து நின்றவன் வைக்கிங் கொள்ளைக்காரன், அந்தப் பயம்தான் என்று காரணம் சொல்வார்கள். வருகிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது; நிலக்கரித் துண்டு, பிஸ்கட், விஸ்கி கொண்டுவர வேண்டும்.

நான் எடின்பரோவில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் ஆறடி உயரம், கரிய முடி, கரிய நிறம் எல்லாம் சேர்ந்த ஒரே ஆள் நான்தான். பெண் பார்க்கப் போன இடங்களில் ‘பையன் கொஞ்சம் கறுப்பு’ என்று இழுத்தார்கள். அங்கே அந்த ஓர் இரவு வீட்டுக்கு வீடு முன்பதிவு.

மாட்டுங்கா மாமி:

பெரியவர்களின் தூக்கத்துக்கு என்னிடம் வழி இருக்கிறது. என் பிள்ளை அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறான். பக்கத்தில் மவுன்ட் ஆலிவ் என்று சின்ன ஊர். வெள்ளரிக்காய் ஊறுகாய்க் கம்பெனியால்தான் ஊருக்கே பெயர். நியூயார்க்கில் 1907-லிருந்து புத்தாண்டுக்கு ஒளிப் பந்து இறக்குகிறார்கள் அல்லவா, இவர்கள் ஓர் ஆள் பாதி உயரத்துக்கு விளக்கு எரியும் ஊறுகாய்க் காயைக் கொடிக்கம்பத்திலிருந்து இறக்குகிறார்கள். இறக்கும் நேரம் இரவு 12 இல்லை, சாயங்காலம் 7 மணி. அப்போது கிரீன்விச் நேரப்படி நள்ளிரவாம்! எல்லோரும் கைதட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, நேரத்தோடு தூங்கப் போகிறார்கள். கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கிரீன்விச் நள்ளிரவு நமக்கு என்ன நேரம்? விடியற்காலை ஐந்தரை. மார்கழியில் ஐந்தரைக்கு உங்கள் செம்பூர்ப் பெரியவர்கள் எங்கே இருப்பார்கள்? குளித்து, காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, கோயிலில் வெண்பொங்கலுக்கு வரிசையில் நிற்பார்கள். அவர்களை இரவு தூங்க விடுங்கள். ஐந்தரைக்கு காம்பவுண்டில் கூட்டி ஊறுகாய் இறக்குங்கள், ‘ஹேப்பி நியூ இயர்’ சொல்லுங்கள், பொங்கலைக் கொடுங்கள். இரவு கூத்தடித்தவர்கள்தான் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள், பேச்சுக் கேட்பது அவர்கள் முறை.

வெள்ளரிக்காய் எல்லாம் வேண்டாம். என் வீட்டு மாவடு ஜாடி ஒன்று தருகிறேன். திருப்பித் தர வேண்டும்.

செம்பூர் ஓய்வூதியர்:

மாமி, செக்ரெட்டரியிடம் பேசினேன். ஐந்தரை மணிக்கு ஆட்சேபம் இல்லை. அவரே வருகிறாராம், பொங்கல் உண்டா என்று இரண்டு முறை கேட்டார். ஆனால் கொடிக்கம்பம் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டுமே என்று விதியாம், ஊறுகாய் ஏற்ற முடியாது என்றார். முதல் மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து கயிற்றில் இறக்குவதாக முடிவாகியிருக்கிறது. கயிறு என்னிடம் இருக்கிறது. கீழே நின்று பிடிக்க அந்த இரண்டு விதவைகளை எழுப்பிவிடுகிறேன். பீங்கான் ஜாடி மட்டும் வேண்டாம், மாவடுவைப் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றிக் கொடுத்தனுப்புங்கள்.